காந்தமானிக்குக் காவல் நின்ற அரிவாள்

தஞ்சாவூரில் இறங்கிய காலை நான் செய்த முதல் காரியம், என் உடம்பிலும் கைப்பையிலும் இருந்த இரும்பையெல்லாம் விடுதி மேசையில் கொட்டியது. ஏழு ஊக்கு, இரண்டு கொண்டை ஊசி, பெர்த் வீட்டுச் சாவி. காந்தம் அளக்கப் போகிறவளிடம் குண்டூசி இருந்தாலும் வம்பு. பதினாலு வருஷமாக மேற்கு ஆஸ்திரேலியாவில் இதுதான் பிழைப்பு என்பதால் எனக்குப் பழகிவிட்டது. இடுப்பில் பெல்ட் கிடையாது, செருப்பில் ஆணி கிடையாது. வேலை நாளில் புடவை கட்டும் ஆசையை ஊக்கோடு சேர்த்து என்றைக்கோ விட்டுவிட்டேன்.

வேலை இதுதான். மண்ணுக்கும் பாறைக்கும் கொஞ்சம் காந்தம் உண்டு. இரும்பு கலந்த தாது கீழே இருந்தால் காந்தம் சற்றுக் கூடும். ட்ரோனின் வயிற்றிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் காந்தமானி. வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி வானத்தில் கோடு கோடாக ஓட்டினால், மண்ணைத் தொடாமலே அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு படம் கிடைக்கும். முன்பெல்லாம் இதற்கு விமானம் வேண்டும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் நடக்க வேண்டும். இப்போது இரண்டு பெட்டி போதும்.

நான் பிறந்தது சேலத்தில். ஊருக்குப் பக்கத்து மலையே இரும்பு. அந்த மலைக்குக் கூட்டிப் போன பள்ளிக்கூட டீச்சர் கையில் திசைகாட்டி பைத்தியம் பிடித்துச் சுற்றியதைப் பார்த்துதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். காவிரிக் கழிமுகம் எனக்கு வேற்றூர்தான். வேதாரண்யத்துக்கு உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் கடல் நின்ற இடங்களில் மணல் மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு அடியில் இரும்புத் தாது கலந்த கருமணல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிறுவனம் எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருந்தது. நீ தமிழ்தானே, உனக்கு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும் என்று மேலாளர் என்னை அனுப்பிவிட்டார். அவருக்குச் சேலமும் வேதாரண்யமும் ஒன்று.

முதல் நாள், தஞ்சாவூரில் இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்துவிட்ட அந்தக் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினேன். பரிமாறியவர் நாலாவது முறை நான் கேட்காமலே ஊற்றினார். எங்கள் வேனில் ஓட்டுநரையும் என்னையும் தவிர இரண்டு பேர். ட்ரோனை இயக்கும் ஓசூர்க்காரர் ஒருவர்; அவர் பேசுவதே பேட்டரிகளோடு மட்டும்தான். இன்னொருவர் தனபால், நிறுவனம் அமர்த்திய உள்ளூர் ஏற்பாட்டாளர். அவர் பேசாமல் இருந்து நான் பார்க்கவில்லை.

சம்பா அறுவடை முடிகிற சமயம். கீழ்வேளூர் தாண்டியதும் தார் ரோட்டில் பாதி நெல்லுக்கு, மீதி பாதி நமக்கு. எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. நெல் மேல் ஏற்ற மனமில்லாமல் எங்கள் ஓட்டுநர் இடது பக்கம் ஒதுங்க, வண்டியின் பின் சக்கரம் வாய்க்கால் கரைச் சேற்றில் இறங்கிவிட்டது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் கட்டையை வைத்துவிட்டு வந்தார்கள். வண்டி அசையவில்லை. பெட்டிகளை இறக்கச் சொன்னார்கள். இறக்கும்போது ஒருவர், இதில் என்ன என்று கேட்டார்.

எரிவாயு என்றும் எண்ணெய் என்றும் வந்த வண்டிகளைப் பார்த்த ஊர்க்காரர்கள் அவர்கள். கேட்ட குரலிலேயே அது இருந்தது. தனபால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தண்ணி பாக்குற மிஷினுங்க. நல்ல தண்ணி எங்க இருக்குன்னு காட்டும்."

அதற்குப் பிறகு தள்ளிய தள்ளில் வேன் ஒரே மூச்சில் ரோட்டுக்கு வந்தது. ஒருவர் என் பெட்டியைத் தன் துண்டால் துடைத்து வேனில் ஏற்றினார். எங்க ஊருப் பக்கமும் வாங்க என்றார். நான் சிரித்துத் தலையாட்டினேன். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வண்டி புதைந்தால் வானொலியில் சொல்லிவிட்டு ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். தள்ள ஆளும் இல்லை, பொய் சொல்லத் தேவையும் இல்லை. வேன் கிளம்பிய பின், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தனபாலைக் கேட்டேன். தாது என்ற வார்த்தையைச் சொன்னால் இங்கே இவ்வளவு பேரும் ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள், பார்ப்பது மட்டும்தானே நம் வேலை, பார்ப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்றார். அது எனக்கும் வசதியான பதிலாக இருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் வேதாரண்யத்துக்கு மேற்கே, நாங்கள் பறக்க வேண்டிய ஊருக்குப் போனோம். மேட்டில் வீடும் தென்னையும் மாவும், பள்ளத்தில் நெல். ட்ரோன் பறக்கும்போது தரையிலும் ஒரு காந்தமானி அசையாமல் நிற்க வேண்டும். பூமியின் காந்தம் நாள் முழுக்கத் தானாகவே கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தரையில் அளந்து, ட்ரோன் அளந்ததிலிருந்து கழித்தால்தான் கணக்கு சரிவரும். அதற்கு மோட்டார் கொட்டகை, மின்கம்பம், தகரக் கூரை எதுவும் பக்கத்தில் இல்லாத இடம் தேவை. ஊரைச் சுற்றிக் கடைசியில் வசந்தாவின் வயல் ஓரத்து மேடு கிடைத்தது. அங்கே இருந்த ஒரே மோட்டாரும் என்றோ கழற்றப்பட்டிருந்தது.

வசந்தாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. மகள் சென்னையில் நர்ஸ். இந்த நிலத்தில் அவருடைய மாமனார் கூலிக்குக் கதிர் அறுத்தவர். இன்று பட்டா வசந்தாவின் பெயரில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் சற்று நிமிர்ந்தது. எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாயில் வைத்ததும் தெரிந்தது, உப்பு. கடல் உள்ளே வந்த புயலுக்குப் பிறகு போட்ட இரண்டு போரும் இப்படியே ஆகிவிட்டன என்றார். மழைத் தண்ணீரில் ஒரு போகம் நெல், அதோடு சரி. குடிக்க லாரித் தண்ணீர். விற்றுவிட்டு வந்துவிடு என்று மகள் போனில் தினமும் சொல்கிறாளாம்.

"நல்ல தண்ணி மட்டும் கெடைச்சிட்டா நான் ஏங்க மெட்ராஸ் போயி அவ வீட்டு பால்கனியில ஒக்காரப் போறேன்?"

தனபால் அதற்குள் அவரிடமும் சொல்லிவைத்திருந்தார். இடத்துக்கு வாடகை தருகிறோம் என்றபோது, தண்ணீர் பார்க்க வந்தவர்களிடம் யாராவது வாங்குவார்களா என்று வசந்தா கோபித்துக்கொண்டார். முக்காலியை நானே நட்டேன். யாரும் கிட்டே போகக் கூடாது, தொடக் கூடாது என்று தனபால் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். இரும்பு எதுவும் கொண்டுவரக் கூடாது என்பதைச் சொல்ல மறந்தார். எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். நானோ அந்த உப்புத் தண்ணீரை எப்படி விழுங்குவது என்று நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து பறந்தோம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மணி வரை. அதற்கு மேல் கடல் காற்று எழுந்து, தொங்குகிற காந்தமானியை ஊஞ்சல் ஆட்டும். ஊரில் எல்லோருக்கும் மருந்தடிக்கிற ட்ரோன் பழக்கம்; இது ஒன்றும் தெளிக்காமல் சும்மா போய்ப்போய் வருவதைப் பார்த்து, இதற்கு இன்னும் மருந்து ஊற்றவில்லை போலிருக்கிறது என்று ஒருவர் என்னிடம் அக்கறையாக வந்து சொன்னார்.

அன்று மதியம் வசந்தா எங்களுக்கு மடவை மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். தூக்குவாளியைத் திறக்கப் போனால் மூடிக்கு மேல் ஒரு அடுப்புக்கரித் துண்டு. ஓசூர்க்காரர் பயந்தே போனார். சாயங்காலம் வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது, குழம்பில் உப்பு உறைப்பெல்லாம் சரி, கரி கொஞ்சம் வேகவில்லை என்று சீண்டினேன். வசந்தா விழுந்து விழுந்து சிரித்தார். உச்சிப்பொழுதில் மீனும் கறியும் வெளியே போனால் கரியோ இரும்போ கூட வைப்பார்கள், கண்டது எதுவும் பின்னால் வராது என்று விளக்கினார். எங்கள் சேலத்திலும் அம்மா வைப்பாள். எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

தரைக் காந்தமானியின் பதிவைப் பார்த்தபோது பன்னிரண்டு மணிக்கு ஒரு தாவல் இருந்தது. ஒன்றரைக்கு மறுபடி பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. தென் தமிழ்நாட்டுக்கு மேலே உச்சிவெயில் நேரத்தில் வானத்தில் ஒரு மின்னோட்டம் ஓடும். அதனால் மதியத்தில் காந்தம் ஏறுவது இங்கே வழக்கம். அதுதான் என்று எழுதி வைத்தேன். மறுநாளும் அதே நேரம் அதே தாவல். வானத்து மின்னோட்டம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், இப்படிப் படிக்கட்டு ஏறாது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. உச்சிப்பொழுதின் மேல் வசந்தாவுக்கு இருந்த சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது.

ஆறாம் நாள் பன்னிரண்டு மணிக்கு, ட்ரோனை ஓசூர்க்காரரிடம் விட்டுவிட்டு நானே வயலுக்கு நடந்தேன். அதுவரை ஒரு மதியம்கூட அங்கே போகவில்லை. வேன் நிழலில் சாப்பாடு இருந்தது, அதுதான் காரணம். முக்காலி நின்றது. அதன் காலடியில், கைக்கெட்டும் தூரத்தில், கதிர் அறுக்கும் கருக்கரிவாள் ஒன்று மணலில் செருகியிருந்தது. பள்ளத்து மூலையில் இயந்திரம் இறங்காது என்பதால் வசந்தா அங்கே கையால் அறுத்துக்கொண்டிருந்தார், அந்த அரிவாள்தான்.

சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பி வரும் வரை அங்கேயே காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

"தொடலம்மா. தொடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல, நான் தொடல. காலையிலேருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன். மதியத்துக்குச் சோத்துக்குப் போவணும்ல? உச்சி நேரத்துல இத ஒண்டியா விட்டுட்டுப் போவ மனசு வரல. தொட்டில்ல புள்ளய விட்டுட்டுப் போனா இரும்பு வச்சிட்டுப் போறதில்லையா, அது மாதிரிதான். தண்ணி காட்டப் போற சாமான். ஒண்ணும் ஆயிடக் கூடாதுல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வயலில் நாங்கள் இரண்டு பேர்தான், தனபால்கூட இல்லை. அக்கா, இது தண்ணீர் பார்க்கிற கருவி இல்லை, உங்கள் மண்ணை யாரோ தோண்டலாமா என்று பார்க்கிற கருவி. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் சொன்னது வேறு. இரும்பு பக்கத்தில் இருந்தால் கருவிக்குச் சரியாகக் கண் தெரியாது, நாளைக்கு மட்டும் அரிவாளை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பதறிப்போய் அரிவாளைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நாலு நாளாகக் கெடுத்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை, சரிசெய்துகொள்ளலாம் என்றேன்.

"எங்க நெலத்துக்கு அடியில நல்ல தண்ணி இருக்குமா தங்கச்சி?"

"பாக்கலாங்க்கா" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஏழாம் நாள் மீதிக் கோடுகளையும் பறந்து முடித்தோம். பறக்கும் அனுமதி அன்றோடு சரி. சாயங்காலம் வேதாரண்யம் விடுதியில் கணினியை விரித்தேன். அரிவாள் நின்ற நேரத்தில் பறந்த கோடுகள் நான்கு நாளிலும் வசந்தாவின் மேட்டுக்கு மேலேதான் வந்தன. அங்கே மட்டும் படம் கிழிந்து கிடந்தது. மறுபடி பறக்க நாளில்லை. எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. தரைப்பதிவு கெட்டுவிட்டது, இந்தப் பகுதியை நம்ப முடியாது என்று எழுதி, அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிடலாம். தனபாலே, அந்த இடத்தை விட்டுடுங்க மேடம், இவ்வளவு பெரிய படத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே நல்ல யோசனை.

நான் கேட்கவில்லை. வேலை தெரிந்தவள் என்ற திமிர். அரிவாள் செருகிய நேரமும் பிடுங்கிய நேரமும் பதிவில் நறுக்கென்று தெரிந்தன. ஒவ்வொரு நாளும் அரிவாள் எவ்வளவு கூட்டியதோ அவ்வளவைக் கழித்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கிழிசல் மறைந்து, அடியில் இருந்தது மேலே வந்தது. வடக்கிலிருந்து தெற்காக ஒரு பட்டை, பழைய கடற்கரை, கருமணல். வசந்தாவின் வயல் ஓரம், அவர் வீடு, பக்கத்து இரண்டு வீடு, தென்னை வரிசை என்று எல்லாவற்றுக்கும் அடியில் நூல் பிடித்த மாதிரி ஓடியது. இவ்வளவு தெளிவான பட்டையை நான் ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் பார்த்ததில்லை. அழகு என்று வாய்விட்டுச் சொன்னேன். ஓசூர்க்காரர்கூட எழுந்து வந்து பார்த்தார்.

ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட பழைய கடற்கரைகளைத் தோண்டி, மணலைச் சலித்து, மறுபடி மூடி, மேலே ஆடு மேய விடுவார்கள். அந்த நிலத்துக்காரன் பல மைல் தள்ளி வீடு கட்டியிருப்பான். இங்கே அந்தப் பட்டையின் மேல் கோலம் போட்டிருந்தார்கள். அது படத்தில் தெரியாது. படத்தை அன்றே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சொல்லிக்கொள்ளப் போனேன். வசந்தா மணிலாக்கொட்டை ஒரு பையும், வாட்ஸப் எண் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வைத்திருந்தார். எங்கே தண்ணீர் என்று கேட்கவில்லை. கேட்டால் நல்ல செய்தி தள்ளிப்போகும் என்று நினைத்தாரோ என்னவோ. பேருந்தில் நாகப்பட்டினம் போகிற வழியெல்லாம் கடலையை உடைத்துக்கொண்டே போனேன். வெள்ளை வெள்ளையாக உப்பு மேடுகள். பக்கத்து இருக்கைப் பெண்மணி கடலை எந்த ஊர் என்று கேட்டு ஒரு கை அள்ளிக்கொண்டார். எனக்கு இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. இறங்கவில்லை.

பெர்த்தில் மேலாளர் என் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். கெட்டுப்போன தரவை மீட்பது எப்படி என்று மற்றவர்களுக்குக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் இல்லை என்றார். அரிவாள் கதையை எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். நானேதான் சொன்னேன், நடித்தும் காட்டினேன்.

மூன்று மாதம் கழித்து, காலை காபி போடும்போது வசந்தாவிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. அவர் வயல் மேட்டில் துளை போடும் எந்திரம் ஒன்று நின்றது. பக்கத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், கற்பூரத் தட்டு. கூடவே குரல் செய்தி. நான் காட்டிய இடத்திலேயே வந்து துளை போடுகிறார்களாம். தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டால் அந்த ஆட்கள் சொல்லாமல் சிரிக்கிறார்களாம். முதல் குடம் என் பெயரைச் சொல்லித்தான் எடுப்பாராம்.

இரண்டு நாள் பதில் போட என்னால் முடியவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அது தண்ணீர் பார்க்கிற கருவி இல்லை, நிலத்துக்கு அடியில் கருமணல் இருக்கிறது, அதற்குத்தான் வந்திருக்கிறார்கள், இது எனக்கு முதல் நாளே தெரியும், மன்னித்துவிடுங்கள் என்றேன். மகளிடம் சொல்லுங்கள், ஊரைக் கூட்டுங்கள், எழுதிக் கேட்கிற எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், நான் என்ன எழுதித் தர வேண்டுமென்றாலும் தருகிறேன் என்றும் சொன்னேன். எதிர்முனையில் எந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வசந்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டார்.

"இரும்பு இருந்தா அதுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னீங்களேம்மா. அப்ப நான் வச்ச அரிவாள அப்புடியே விட்டிருந்தா, எங்க எடம் அதுக்குத் தெரிஞ்சிருக்காதா?"

அரிவாள் நாலு நாளும் மறைத்துத்தான் வைத்திருந்தது, கணக்குப் போட்டு அதை விலக்கியது நான்தான் என்றேன். எடுக்கச் சொன்னதும் நான்தான் என்பதை அவர் சொல்லவில்லை. சோறு வடிக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.